பேனல் பெட்டிக்குள் வைத்த தகடு

என் மகள் வேலை பார்க்கும் பட்டறையின் வாசல் நிலைக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள், தீப்பெட்டி அளவில் ஒரு செம்புத் தகடு இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்குப் பூ வைக்கிறார்கள். ஆர்டர் கொடுக்க வருகிற வெளியூர்க்காரர்களுக்கு முதலாளி அதைக் காட்டி, "வாத்தியார் கொண்டாந்து வச்ச தகடு சார். பெத்த மகளைக் காப்பாத்துன தகடு" என்று சொல்வார். நான் பக்கத்தில் இருந்தால் என்னையும் காட்டுவார். நான் செருப்பைக் கழற்றுவதுபோலக் குனிந்துகொள்வேன்.

அந்தத் தகடு என் மகளைக் காப்பாற்றவில்லை. அவள் வலது உள்ளங்கை வெந்துபோனது அதனால்தான். அதைக் கொண்டுபோய் வைத்தவன் நான். இதை அவர்களுக்கெல்லாம் விளக்கிச் சொல்லியாயிற்று. சொன்ன பிறகும் பூ வைக்கிறார்கள்.

நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். ஆரப்பாளையத்தில் வாடகை வீடு. எங்களுக்கு ஒரே மகள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் டிப்ளமோ சேர்கிறேன் என்று அவள் சொன்னபோது நான்தான் விண்ணப்பம் வாங்கி வந்தேன். படிப்பது பரீட்சைக்குத்தான், பிறகு ஏதாவது அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலையாகக் கிடைக்கும் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. அவளுக்குக் கிடைத்ததோ திருப்பரங்குன்றம் தாண்டி, வயல்களுக்கு நடுவே புதிதாகக் கட்டிய ஒரு பட்டறை. பம்புக்கும் வண்டிகளுக்கும் சிறு உதிரி பாகங்கள் கடைந்து கொடுப்பவர்கள். நாற்காலி இருந்தது. அதில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எண்பதுகளின் பிற்பகுதி அது. அந்த முதலாளி துணிந்து ஒரு புதுவகைக் கடைசல் இயந்திரம் வாங்கிப் போட்டிருந்தார். அதில் இருந்த மோட்டார் நாம் கிணற்றடியில் பார்க்கிற மோட்டார் இல்லை. அது சர்வோ மோட்டார். சுவிட்சைப் போட்டால் தன்பாட்டுக்குச் சுற்றாது. எவ்வளவு சுற்ற வேண்டும், எந்த வேகத்தில், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று பக்கத்தில் இருக்கும் டிரைவ் என்கிற பெட்டி சொல்லும். டிரைவ் அளந்து கொடுக்கிற மின்சாரத்தைத்தான் அது வாங்கிக்கொள்ளும். தலைமுடி கனத்துக்குக்கூடத் தவறாமல் இயந்திரத்தின் மேஜையை முன்னும் பின்னும் நகர்த்தும். இந்த டிரைவும், பியூஸ்களும், வயர்கள் வந்து சேரும் கட்டைகளும் எல்லாம் ஓர் இரும்பு அலமாரிக்குள் இருந்தன. அதைத்தான் பேனல் பெட்டி என்றார்கள். இயந்திரத்தை நிறுவ வந்த பெங்களூர்க்காரர் முக்கியமானதை மட்டும் காட்டிவிட்டுப் போக, மோட்டாரிலிருந்து பேனல் வரைக்கும் வயர் இழுத்துக் கட்டியது என் மகள்.

ஒரு சனிக்கிழமை அவள் சோற்று டப்பாவை அலமாரியில் மறந்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குப் பள்ளி விடுமுறை. எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பட்டறை வாசலில் இருந்தவர், "யாரைப் பாக்கணும்?" என்றார். சொன்னேன்.

"டிப்ளமோ பாப்பாவா? அந்தா, பெட்டிக்குள்ள இருக்கு."

அப்படித்தான் இருந்தாள். இரும்பு அலமாரியின் கதவு திறந்திருந்தது. இரண்டு கைகளும் தோள்வரை உள்ளே போயிருந்தன. சுற்றிலும் கொத்துக் கொத்தாக வயர்கள். நான் டப்பாவோடு வழியிலேயே நின்றுவிட்டேன். பக்கத்தில் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பட்டறையின் மூத்த எலெக்ட்ரீசியன். ஐம்பதைத் தாண்டியவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க சார். கடிக்காது. இப்பத்தான் சோறு வச்சோம்" என்றார்.

மகள் திரும்பாமலே சொன்னாள். "மெயின் ஆஃப் பண்ணிட்டுத்தாம்பா நிக்கிறேன். சாவி என் இடுப்புல இருக்கு. நான் போடாம யாரும் போட முடியாது."

"அதெல்லாம் வெவரமான பிள்ளதான் சார்" என்றார் எலெக்ட்ரீசியன். "இந்த மோட்டாருதான் எனக்குப் பிடிக்கலை. மோட்டார்னா போட்டா சுத்தணும், நிறுத்துனா நிக்கணும். இது என்னடான்னா மாமியா வீட்டுக்குப் புதுசா வந்த மாப்ள மாதிரி, ஒவ்வொண்ணுக்கும் கேட்டுக்கேட்டுச் செய்யுது."

சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் தோள்வரை உள்ளே போன அந்தக் கைகள்தான் கண்ணில் நின்றன. அன்றிலிருந்து அவள் வீடு திரும்ப ஒரு பஸ் தாமதமானாலும் நான் தெருமுனைக்குப் போய் நிற்க ஆரம்பித்தேன். வேலையை விட்டுவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவள் போய்வந்தாள். "நான் சொல்லமாட்டேன், நீ சொல்லு" என்று மனைவியிடம் சொல்வேன். "நானும் சொல்லமாட்டேன்" என்பாள் அவள்.

சொல்ல முடியாததைத்தான் தகடாகச் செய்துகொண்டு வந்தேன் என்று நினைக்கிறேன். திருப்பரங்குன்றத்தில் கோயில் பக்கத்தில் ஒருவர் தகடு எழுதிக் கொடுப்பார். என்னோடு வேலை பார்க்கும் வாத்தியார் ஒருவர் தன் மச்சான் கடைக்கு வாங்கியதாகச் சொன்னார். எனக்கு அதில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். நம்பிக்கை இல்லாமலே போய் வரிசையில் நின்றேன். மகளின் பெயரும் நட்சத்திரமும் கேட்டு, கட்டங்கள் கீறி, மஞ்சள் தடவிய நூலைக் கோத்துக் கொடுத்தார். "எது பயமோ அதுக்குப் பக்கத்துல வைங்க. யார் கண்ணுலயும் படாம வைங்க" என்றார். எது பயம் என்று எனக்குத் தெரியும்.

ஆயுத பூஜை வந்தது. பட்டறையில் வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு வர வேண்டும் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு நாளாகவே அங்கே சுத்தம் செய்திருக்கிறார்கள். எல்லா இயந்திரங்களையும் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக் கழுவி, புதுப்பெண் மாதிரி வைத்திருந்தார்கள். விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம், ஓரங்களில் வாழைக்கன்று. புது இயந்திரத்துக்கு மற்றவற்றைவிடப் பெரிய மாலை.

மகள் எங்களைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பேனல் பெட்டியிடம் கூட்டிப் போனாள். மின்சாரம் நிறுத்தியிருந்தது. கதவைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவள் அம்மாவுக்குப் புரியும்படி சொன்னாள்.

"இந்தத் தடி வயருதாம்மா மோட்டாருக்குப் போற கரண்டு. இதுக்கு மேல கம்பி வலை சுத்திருக்கு பாருங்க, அது எர்த்ல சேருது. இந்தத் தடியையும் சேதி கொண்டுபோற மெல்லிசு வயரையும் ஒண்ணாச் சேத்துக் கட்டக்கூடாது. சேத்தா ஒண்ணு பேசுறது இன்னொண்ணுக்குக் கேக்கும், மோட்டார் குழம்பிரும். அதான் தனித்தனியா இழுத்திருக்கேன். இது பியூஸ். திடீர்னு பெரிசா ஏதாச்சும் ஆச்சுன்னா இது போயிரும். ஆனா மெல்ல மெல்லச் சூடு ஏறுனா பியூஸுக்குத் தெரியாது. அதுக்குத்தான் இந்த ரெண்டு சின்ன வயரு."

"இதுவா? இம்புட்டுச் சின்னதா?" என்றாள் மனைவி.

"சின்னதுதான். மோட்டாருக்குள்ள ஒரு சூடு சுவிட்ச் இருக்கு. மோட்டாருக்குக் காய்ச்சல் வந்தா அது திறந்துக்கிரும். இந்த வயர்ல ஓட்டம் நின்னுரும். நின்ன உடனே டிரைவ் மோட்டாரை நிறுத்திட்டு, வெளியில சிவப்பு லைட்டைப் போட்டுரும். நாடி பாக்குற மாதிரி."

இவ்வளவும் இன்று வரி பிசகாமல் எழுதுகிறேன். அன்று இதில் பாதி என் காதில் ஏறவில்லை. நான் அந்தப் பெட்டிக்குள் தகடு கட்ட ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

பூசணிக்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள். மகள் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு ஓடினாள். நான் சட்டைப் பையிலிருந்து தகட்டை எடுத்து, உட்பக்கமாக ஒரு வயர்க்கொத்தில் மஞ்சள் நூலால் கட்டினேன். என் பக்கத்தில் நின்ற மனைவி மறைத்துக்கொண்டு நின்றாள். "விழுந்துராமக் கட்டுங்க" என்று மட்டும் சொன்னாள். இறுக்கித்தான் கட்டினேன். ஆனால் மஞ்சள் தடவி வழுக்குகிற நூல் அது. அதற்கு நேர் கீழே, வயர்களை ஸ்குரூ போட்டு இறுக்கியிருந்த கட்டை. ஸ்குரூத் தலைகள் வரிசையாகத் திறந்து கிடந்தன. செம்பு நற்கடத்தி என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நான். அன்று அது செம்பாக என் கண்ணுக்குத் தெரியவில்லை. என் மகளின் நட்சத்திரம் எழுதிய தகடாகத்தான் தெரிந்தது.

விஜயதசமியன்று சம்பிரதாயத்துக்குக் கொஞ்ச நேரம் ஓட்டியிருக்கிறார்கள். முழு வேலை தொடங்கியது அதற்கு அடுத்த திங்கட்கிழமை.

அன்று மாலை தெருமுனையில் நின்றுகொண்டிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவளின் வலது கை முழுக்கக் கட்டு. இடது கையால் கம்பியைப் பிடித்து இறங்கினாள். என்னைப் பார்த்ததும், "ஒண்ணுமில்லப்பா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுத்தான் வாரேன்" என்றாள். வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

அவள் அம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். ஊட்ட ஊட்ட மகள் நடந்ததைச் சொன்னாள். மத்தியானம் இயந்திரத்தின் மேஜை நகர்வதில் ஒரு முனகல் கேட்டிருக்கிறது. பூஜைக்காக மண்ணெண்ணெய் விட்டுக் கழுவியதில், மேஜை சறுக்கும் பாதையில் இருந்த எண்ணெயெல்லாம் போய்விட்டது. திரும்ப விட யாருக்கும் தோன்றவில்லை. வறண்ட பாதையில் மேஜையைத் தள்ளித் தள்ளி மோட்டார் சூடேறியிருக்கிறது. பிறகு வாடை, புகை. யாரோ கத்த, அவள் ஓடிப்போய் நிறுத்துகிற பொத்தானை அடித்திருக்கிறாள்.

"சிவப்பு லைட் எரியலைப்பா. அது எரியலைன்னா மோட்டார் சூடாகலைன்னு அர்த்தம். வேற எங்கயோ புகையுதுன்னு நெனச்சு மோட்டார் மேல கையை வச்சுப் பாத்தேன்." கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி, "நான் கட்டுன வயரை நம்பித்தான் வச்சேன்" என்றாள்.

மோட்டார் எரிந்துபோயிருந்தது. பெங்களூர்க்காரர் வந்து பார்க்கும்வரை பெட்டியை யாரும் தொடக்கூடாது, அதுவரை நீ வீட்டிலேயே இரு என்று முதலாளி சொல்லிவிட்டார். மூத்த எலெக்ட்ரீசியன் எல்லார் காதிலும் விழும்படி, "அப்பவே சொன்னேன். சூடு பாக்குற வயரை ஒழுங்காக் கட்டிருந்தா லைட் எரிஞ்சிருக்கணும்ல?" என்று கேட்டிருக்கிறார்.

டம்ளர் தண்ணீரில் இடது கை விரலை நனைத்துத் தரையில் கோடு போட்டாள். "இங்க மோட்டார். இங்க டிரைவ். இந்த ரெண்டு வயரு இப்பிடி வந்து, கட்டையில இப்பிடிச் சேருது. சரியாத்தாம்மா கட்டுனேன். எனக்கு ஞாபகம் இருக்கு." கோடு காய்ந்தது. மறுபடி போட்டாள். "இல்ல, மாத்திக் கட்டிட்டேனோ? நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிருக்கேன். ஓட்டம் நிக்கவே இல்லையே. வயரு அறுந்தாக்கூட நின்னுரும். நிக்காம இருக்கணும்னா ரெண்டுக்கும் நடுவுல ஏதாச்சும் குறுக்க இருக்கணும். அங்க என்ன இருக்கப்போகுது?"

மனைவி ஊட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவள் பார்வைக்கு முன்பே புரிந்துகொண்டிருந்தேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று இருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். எழுந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். அவள் எழுவதற்கு முன் நான் பஸ்ஸில் இருந்தேன்.

ஏன் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். முதலாளியிடம் உண்மையைச் சொல்லப் போகவில்லை. தகட்டை யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடலாம் என்றுதான் போனேன். எடுத்துவிட்டால் பெங்களூர்க்காரர் வந்து பார்க்கும்போது வயர் சரியாக இருக்கும், காரணம் தெரியாமலே எல்லாம் முடிந்துபோகும் என்று நினைத்தேன். பஸ் குன்றத்தைச் சுற்றிப் போகும்போது அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பட்டறையை அப்போதுதான் திறந்திருந்தார்கள். சாவி மூத்த எலெக்ட்ரீசியனிடம் இருந்தது. "பூஜையன்னைக்கு ஒரு சாமான் வச்சுட்டுப் போயிட்டேன்" என்றேன்.

"எங்க சார்?"

"பெட்டிக்குள்ள."

"பெட்டிக்குள்ளயா? அப்பனும் மகளும் சோத்து டப்பாவ வைக்க வேற எடமே கெடைக்கலையா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். வந்து திறந்தார்.

நூல் அவிழ்ந்து தகடு கீழே நழுவியிருந்தது. விழுந்துவிடவில்லை. அந்தக் கட்டையில், இரண்டு ஸ்குரூத் தலைகள்மேல், செருகி வைத்ததுபோல் நின்றுகொண்டிருந்தது. அந்த ஸ்குரூக்களிலிருந்துதான் சூடு பார்க்கும் இரண்டு சின்ன வயர்களும் போயின. நான் கையை நீட்டினேன். எலெக்ட்ரீசியன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "மெயினை ஆஃப் பண்ணிக்கிறேன் சார். இருங்க."

ஆஃப் செய்துவிட்டு வந்து குனிந்து பார்த்தார். கட்டங்களையும் எழுத்துகளையும் பார்த்தார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஏ மாப்ள, இங்க வாங்கடா" என்று குரல் கொடுத்தார். வேலைக்கு வந்திருந்தவர்கள் கூடினார்கள். முதலாளியும் அந்த நேரம் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார்.

"பாப்பாவுக்குன்னு சார் தகடு வச்சிருக்காரு முதலாளி" என்றார் எலெக்ட்ரீசியன். "மோட்டார் எரிஞ்சுச்சு, பிள்ள பொழச்சிருச்சு. அதுக்கு வரவேண்டியத மோட்டார் வாங்கிக்கிருச்சு."

முதலாளி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நல்ல காரியம் பண்ணீங்க சார். இல்லேன்னா அந்த வயரு பிள்ளைய என்ன பண்ணிருக்குமோ. ராத்திரியெல்லாம் நான் தூங்கலை. ஒரு பொம்பளப்பிள்ளைக்கு ஒண்ணுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?" பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளைய இனிமே இந்த வேலைக்கு அனுப்பாதீங்க. தகடு ஒரு தடவைதான் காப்பாத்தும். வயரு கட்டத் தெரியலைன்னா அது தப்பில்ல சார், சின்ன வயசு. சர்டிபிகேட்டு நல்ல மாதிரி எழுதித் தாரேன், வேற எங்கயாச்சும் உக்காந்து பாக்குற வேலையாப் பாக்கட்டும்" என்றார்.

ஒருவர் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். நான் விரும்பியதெல்லாம் நடந்துவிட்டது. மகள் அந்தப் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிடுவாள். என்மேல் யாருக்கும் கோபமில்லை; மரியாதை கூடியிருந்தது. வாயைத் திறக்காமல் டீயைக் குடித்துவிட்டு நான் பஸ் ஏறலாம். அந்த டீயில் பாதி குடிக்கும்வரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு தரையில் காயக் காய அவள் போட்ட தண்ணீர்க் கோடு நினைவுக்கு வந்தது. ஆயுசுக்கும் அவள் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே இருப்பாள்.

"வயரு சரியாத்தான் கட்டிருக்கு. தப்பு இந்தத் தகடு பண்ணுனது" என்றேன்.

"அப்பிடிச் சொல்லாதீங்க சார்" என்றார் முதலாளி, பதறி.

சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. தகப்பன் மகளுக்காகப் பேசுகிறான் என்றுதான் நினைத்தார்கள். அதன்பின் எலெக்ட்ரீசியனிடம், "ஒங்ககிட்ட டார்ச் லைட் இருக்காண்ணே?" என்று கேட்டேன். அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதைப் பிரித்து, பேட்டரிக்கட்டையையும் பல்பையும் இரண்டு துண்டு வயரையும் வைத்து, எட்டாம் வகுப்பில் செய்துகாட்டுவதைச் செய்தேன். டிரைவுக்குப் போகிற வயர்களைக் கழற்றச் சொல்லி, தகட்டை எடுத்துவிட்டு, என் வயர்களை அந்த இரண்டு ஸ்குரூவிலும் வைத்தேன். பல்பு எரிந்தது.

"இப்ப மோட்டார் ஆறிக் கெடக்கு. சூடு சுவிட்ச் மூடியிருக்கு. அதான் எரியுது. மோட்டார் சூடானா சுவிட்ச் திறந்துக்கிரும். அதுக்குப் பதிலா நீங்க மோட்டார்ல இருந்து வர்ற வயர்ல ஒண்ணக் கழத்துங்க."

கழற்றினார். பல்பு அணைந்தது.

"இது அணைஞ்சா டிரைவ் என்ன செய்யும்?"

"மோட்டார நிறுத்திப்புடும். லைட்டைப் போடும்" என்றார் அவர். அவருக்குத் தெரியாமல் இல்லை.

"இப்பத் தகட்டை எடுத்து, இருந்த மாதிரியே வைங்க."

அவர் அதைத் தொடத் தயங்கினார். நானே எடுத்து வைத்தேன். பல்பு எரிந்தது. கழற்றின வயர் அவர் கையிலேயே இருந்தது.

அவர் தகட்டை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார், வைத்தார். பல்பு அணைந்தது, எரிந்தது. "மோட்டாரு வெந்துக்கிட்டுக் கெடந்திருக்கு. இது நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கு" என்றார். பெட்டிக்குள் தலையை விட்டு, அந்த இரண்டு வயர்களையும் விரலால் தொட்டுத் தொட்டுக் கடைசிவரை போய்ப் பார்த்தார். நிமிர்ந்து முதலாளியிடம், "பாப்பா கட்டுனதுல தப்பில்ல முதலாளி. நான் பேசுனதுதான் தப்பு" என்றார். பிறகு என் முதுகுக்குப் பின்னால் பார்த்து, "வாம்மா. ஒங்கப்பா எங்களுக்குக் கிளாஸ் எடுத்துக்கிட்டிருக்காரு" என்றார்.

மகள் நின்றிருந்தாள். வீட்டில் இருக்கப் பொறுக்காமல் அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறாள். எப்போதிருந்து நின்றாள் என்று தெரியவில்லை. தகட்டைப் பார்த்தாள். கட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

முதலாளி தகட்டைக் கையில் வாங்கினார். எப்படியும் மனத்தைச் சமாதானம் செய்துகொள்ள வேண்டியவர் அவர். "அப்ப ரெண்டும் சரிதான்" என்றார். "வயரும் சரி, தகடும் சரி. எடந்தான் தப்பு. அம்புட்டுப் புகையிலயும் பிள்ளைக்குக் கையோட போச்சே, அத நெனச்சுப் பாருங்க. தகட்டை வாசல்ல வச்சிருவோம். நீ கை ஆறுனதும் வாம்மா. பெங்களூர்க்காரர் வரும்போது நீதான் கூட நிக்கணும்."

அவள் தலையை அசைத்தாள். "அப்பா, ஒங்களுக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்றாள்.

பஸ் நிறுத்தம்வரை வயல்களுக்கு நடுவே நடக்க வேண்டும். நாற்று நட்டிருந்தார்கள். எங்கோ ஒரு பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு அவள் எனக்கு ஓரடி முன்னால் நடந்தாள்.

"செம்புன்னு தெரிஞ்சுதான வச்சிங்க?"

"தெரியும்."

"நான் ஒவ்வொண்ணாச் சொன்னப்ப கேட்டிங்களா?"

நான் வரப்பைப் பார்த்து நடந்தேன்.

"ஏம்பா வச்சிங்க?"

"ஒனக்கு ஒண்ணும் ஆகிறக்கூடாதுன்னுதான்."

அவள் நின்றாள். "அதுக்குத்தாம்பா அந்த ரெண்டு வயரையும் கட்டுனேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு இன்றுவரை இதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் அம்மாதான், "விழுந்துராமக் கட்டுங்கன்னு சொன்னேன், கட்டாதீங்கன்னுல்ல சொல்லிருக்கணும்" என்று சில நாள் அடுப்படியில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

கை ஆறியது. உள்ளங்கையில் தோல் புதிதாக, வழவழவென்று, மினுமினுப்பாக வந்தது. ரேகைகள் சரியாக வரவில்லை. ஸ்குரூ டிரைவரை அழுத்திப் பிடிக்கும்போது இழுக்கிறது என்கிறாள். மோட்டார் பெங்களூர் போய்ப் புதுச் சுருளோடு திரும்பி வந்தது. அவளே இழுத்துக் கட்டினாள். மூத்த எலெக்ட்ரீசியன் பக்கத்தில் நின்று கேட்டுக்கேட்டு எடுத்துக் கொடுத்தாராம். நான் எட்டாம் வகுப்பில் கடத்திகள் பாடத்துக்கு வரும்போது, பல்பையும் செம்புத் தகட்டையும் வைத்துச் செய்துகாட்டுவதை நிறுத்திவிட்டேன். புத்தகத்தைப் பார்த்து வாசிக்கச் சொல்கிறேன். தெருமுனையில் நிற்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

அடுத்த வருடமும் ஆயுத பூஜைக்கு முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். போகாமல் இருந்தால் மகளுக்குச் சங்கடம் என்று போனோம். வாசல் தகட்டுக்கு மாலை போட்டிருந்தார்கள். குனிந்தபடியே உள்ளே போனேன்.

இந்தத் தடவை கழுவி முடித்த கையோடு இயந்திரங்களுக்கு எண்ணெய் விட்டிருந்தார்கள். பூஜைத் தட்டு வந்ததும் மகள் பேனல் பெட்டியைத் திறந்தாள். அந்தக் கட்டையின் நீளத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் தகடு மூடிப் போட்டிருந்தது. கண்ணாடிபோல் உள்ளே எல்லாம் தெரிந்தது. ஸ்குரூவைக் கழற்றாமல் ஒரு விரல்கூட உள்ளே போகாது.

"இது என்னம்மா புதுசா இருக்கு?" என்று கேட்டார் முதலாளி.

"தூசிக்கு சார்" என்றாள்.

எலெக்ட்ரீசியன் என்னைப் பார்த்தார். பிறகு மேலே விட்டத்தைப் பார்த்தார்.

மகள் தட்டிலிருந்து சந்தனத்தையும் குங்குமத்தையும் தொட்டுப் பெட்டிக்கு உள்ளே வைக்காமல், கதவைச் சாத்தி, கதவின் வெளிப்பக்கத்தில் வைத்தாள். பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பூசணிக்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை அவள் ஓடவில்லை. பொரியும் கடலையும் இருந்த தாம்பாளத்திலிருந்து ஒரு கை அள்ளி என்னிடம் நீட்டினாள். வலது கை.

"சாப்பிடுங்கப்பா."

பொரிக்கு அடியில் அந்தத் தோல் தெரிந்தது. எடுத்துக்கொள்ள எனக்கு நேரம் ஆனது. அவள் கையை மடக்காமல், நீட்டியபடியே நின்றாள்.